மூச்சுக்கு வழி: அன்றும் இன்றும்

மயக்க மருந்து உள்ளே போனதும் நோயாளியின் நாக்கு தளர்ந்து தொண்டைக்குள் சரியும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் மூச்சு முற்றாக நின்றுவிடும். அந்த நொடியிலிருந்து அவருக்காக மூச்சு கொடுக்க வேண்டியவர் மயக்க மருத்துவர். முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்து வைத்திருந்தால் ஆரோக்கியமான ஒருவர் சில நிமிடங்கள் தாங்குவார். நிறைமாதக் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. அதற்குள் ஒரு குழாயையோ முகமூடியையோ சரியான இடத்தில் பொருத்தியாக வேண்டும். பெருநகரத்துத் தனியார் மருத்துவமனையிலும் சரி, மலையடிவாரத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் சரி, உடம்பு தரும் அவகாசம் ஒன்றுதான். மருத்துவரின் கையில் இருக்கும் கருவிகள்தான் இடத்துக்கு இடம் மாறுகின்றன.

1980களின் கடைசியில் ஒரு சிறிய அரசு மருத்துவமனையின் மயக்க மருந்து ட்ரேயில் என்னென்ன இருந்தன என்பதை என் தலைமுறை மருத்துவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். விளிம்பில் காற்றடைத்த கறுப்பு ரப்பர் முகமூடிகள். நாக்கு விழாமல் தாங்கும் கெடல் ஏர்வே. குரல்வளையைப் பார்க்க ஒரு மக்கின்டாஷ் லாரிங்கோஸ்கோப், அதற்கு இரண்டு ப்ளேடு. வளைந்த மேகில் ஃபோர்செப்ஸ். மின்சாரம் போனால் காலால் மிதித்து இயக்கும் சக்‌ஷன். இவற்றோடு சிவப்பு ரப்பர் குழாய்கள்.

அந்தச் சிவப்புக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் நகரில் ஹெரால்ட் கில்லீஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தபோது, முகத்தின் மேல் முகமூடி வைக்க வழியில்லாமல் ஐவன் மேகில் உருவாக்கியது அது. அரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுவதும் அதுதான் புழங்கியது. எங்கள் ஊர்களில் இன்னும் சில காலம் தங்கியது. ஒரு நோயாளிக்குப் போட்ட குழாயைக் கழுவி, உள்ளே பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, மறுபடி கழுவித் தொங்கவிட்டு உலர்த்தி அடுத்தவருக்குப் போடுவோம். போடுவதற்கு முன், குழாயைச் சுற்றி உப்பும் கஃபில் காற்றேற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். நாளாக ஆகக் குழாய் விறைத்துப்போகும், அல்லது வளைந்த இடத்தில் மடங்கி அடைத்துக்கொள்ளும். கஃப் சிறியது, அதில் ஏற்றும் காற்று மூச்சுக்குழாய்ச் சுவரை இறுக்கமாக அழுத்தும், நீண்ட நேரம் வைத்தால் புண்ணாகும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, குழாய்க்குள் நடப்பது வெளியே தெரியாது. சளி அடைத்திருந்தாலும் ரத்தம் ஏறினாலும் சிவப்பு ரப்பர் மறைத்துவிடும்.

அதன் இடத்துக்குக் கண்ணாடி போன்ற பி.வி.சி. குழாய்கள் வந்தபோது எங்களுக்குக் கண் திறந்தது போல இருந்தது. நோயாளி மூச்சை வெளிவிடும்போது குழாயின் உட்சுவரில் ஆவி படர்வதைப் பார்க்க முடிந்தது. கஃப் பெரிதாகவும் மென்மையாகவும் இருந்தது. இன்று இந்தியாவிலேயே தயாராகும் இந்தக் குழாய் ஒன்றின் விலை, ஓட்டலில் ஒருவர் சாப்பிடும் சாப்பாட்டு விலையைத் தாண்டுவது அரிது. ஒருவருக்கு ஒரு குழாய் என்பது இப்போது தாலுகா ஆஸ்பத்திரியிலும் சாதாரணம். 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்பும் முறை வந்த பிறகு, "ஸ்டாக் இல்லை" என்ற பதில் எவ்வளவு குறைந்தது என்பது அதற்கு முன் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

லாரிங்கோஸ்கோப்பின் கதை இன்னும் நீளம். 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மக்கின்டாஷ் வடிவமைத்த வளைந்த ப்ளேடு இன்றும் ட்ரேயில் இருக்கிறது. எஃகில் செய்தது, பல ஆண்டுகள் உழைக்கும், மலிவு. அதன் பலவீனம் நுனிக்கருகே திருகப்பட்டிருந்த குட்டி பல்பு. ஆட்டோகிளேவ் சூட்டிலும் கிருமிநாசினியிலும் அதன் தொடர்பு கெட்டுப்போகும். மயக்கம் கொடுத்தாயிற்று, தசைத் தளர்வு மருந்தும் போயாயிற்று, வாயைத் திறந்து ப்ளேடை உள்ளே விட்டால் இருட்டு.

"சார், பல்பு மினுக்குது."

"திருகிப் பாருங்க சிஸ்டர்."

"திருகிட்டேன் சார். பேட்டரி போயிருக்கும்."

கைப்பிடியை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுவோம். தியேட்டர் உதவியாளர் டார்ச் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு ஓடிவருவார். அதுவரை முகமூடியை அழுத்திப் பிடித்துப் பையால் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருப்போம். பெரிய மருத்துவமனையில் இன்னொரு லாரிங்கோஸ்கோப் பக்கத்திலேயே இருக்கும். சின்ன ஆஸ்பத்திரியில் இருப்பது அது ஒன்றுதான். எல்.இ.டி. விளக்கு வந்து இந்தத் துன்பத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. மருத்துவ மாநாடுகளில் யாரும் கைதட்டாத மாற்றம் இது. ஆனால் எத்தனை உயிரை அது காத்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

விளக்கு நன்றாக எரிந்தாலும் குரல்நாண் தெரியாமல் போவது உண்டு. கழுத்து குட்டையானவர், தாடை உள்வாங்கியவர், பல் துருத்தியவர், தீக்காயத்தால் கழுத்து சுருங்கியவர், புகையிலையும் பாக்கும் மென்று வாய் இரண்டு விரல்கூடத் திறக்காதவர் என்று எங்கள் ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். மக்கின்டாஷ் ப்ளேடு வைத்துப் பார்க்கும்போது கண்ணும் குரல்நாணும் நேர்கோட்டில் வந்தாக வேண்டும். வராவிட்டால் அனுமானத்தில் குழாயைச் செலுத்துவோம். அது மூச்சுக்குழாய்க்குள் போயிற்றா, பின்னால் இருக்கும் உணவுக்குழாய்க்குள் போயிற்றா என்பதுதான் அடுத்த கேள்வி. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்போம், நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்போம். இரண்டுமே ஏமாற்றக்கூடியவை. தவறு தெரியவரும்போது, "டாக்டர், ரத்தம் கறுப்பா வருது" என்று அறுவை மருத்துவர் சொல்வார். எங்கள் ஆக்சிஜன் மானி அதுதான்: வெட்டிய இடத்து ரத்தத்தின் நிறமும், நோயாளியின் உதடும் நகமும். நம் மக்களின் நிறத்தில், மங்கிய விளக்கில், நகம் நீலம் பாய்வதைக் கண்டுபிடிப்பதற்குள் நேரம் கடந்திருக்கும்.

2001-ல் கனடாவின் அறுவை மருத்துவர் ஜான் பேஸி, ப்ளேடின் நுனியில் ஒரு சிறு கேமராவைப் பொருத்தி கிளைடுஸ்கோப்பைக் கொண்டுவந்தார். கண் வாய்க்குள் நுழைய வேண்டியதில்லை. திரையில் குரல்நாண் தெரிந்தது. நாங்கள் அதை மாநாட்டுக் கடைகளில் தொட்டுப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பினோம். பல லட்சம் ரூபாய். எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியின் கனவிலும் வராத தொகை அது.

அங்கிருந்துதான் இந்தியக் கைவேலை ஆரம்பித்தது. குழாய் அடைப்பையும் வண்டி எஞ்சினின் உட்புறத்தையும் பார்க்க மெக்கானிக்குகள் பயன்படுத்தும், பென்சில் பருமனுக்கும் குறைவான யு.எஸ்.பி. கேமரா ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்குக் கடையில் கிடைக்கத் தொடங்கியதும், மயக்க மருத்துவர்கள் அதை மக்கின்டாஷ் ப்ளேடில் ஒட்டிக் கட்டி, மடிக்கணினியிலும் பின்னர் கைப்பேசியிலும் இணைத்துப் பார்த்தார்கள். மணிப்பால் மருத்துவர்கள் இப்படிக் கணினியோடு இணைத்துச் செய்த குறைந்த செலவு வீடியோ லாரிங்கோஸ்கோப்பியின் அனுபவத்தை 2014-ல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். அதன் பிறகு முப்பரிமாண அச்சில் ப்ளேடு செய்தவர்களும் உண்டு. நான் இந்த முயற்சிகளை மதிக்கிறேன். ஆனால் நிரந்தரத் தீர்வாக ஏற்கமாட்டேன். கட்டிய கேமராவை ஆட்டோகிளேவில் போட முடியாது. அச்சு ப்ளேடின் அடுக்குகளுக்கிடையே கிருமி தங்கும். அழுத்தினால் வாய்க்குள்ளேயே முறியலாம். ஏழை நோயாளிக்கு இதுவே போதும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

நல்லவேளையாக விஷயம் அந்த நிலையிலேயே நிற்கவில்லை. கொரோனா காலத்தில், நோயாளியின் வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாமல் குழாய் போட வேண்டிய கட்டாயம் வந்தது. தேவை ஏறியது, இந்தியத் தயாரிப்புகளும் சீனத் தயாரிப்புகளும் வரிசையாக வந்தன. உள்ளங்கை அகலத் திரை, கழுவிக் கிருமி நீக்கக்கூடிய எஃகு ப்ளேடு அல்லது ஒருமுறை போட்டு எறியும் உறை, சார்ஜ் செய்யும் பேட்டரி. லட்சங்களில் இருந்த விலை பத்தாயிரங்களுக்கு இறங்கிவிட்டது. இதன் பயனைப் பற்றி இனி விவாதிக்க ஒன்றும் இல்லை. 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அவசரப் பிரிவிலும் ஐ.சி.யூ.விலும் 1,417 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீடியோ கருவியால் முதல் முயற்சியிலேயே குழாய் போய்ச் சேர்ந்தது நூற்றுக்கு 85 பேருக்கு. பழைய முறையில் 71 பேருக்கு. அங்கே குழாய் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்கள். நிபுணர் இல்லாத ஆஸ்பத்திரிக்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டாம்.

கற்றுக்கொடுப்பதிலும் இந்தத் திரை பெரிய உதவி. அன்று பயிற்சி மருத்துவர் ப்ளேடைப் பிடித்துக்கொண்டு நிற்க, "என்னம்மா தெரியுது?" என்று கேட்பேன். "ஏதோ ரோஸ் கலர்ல தெரியுது சார்" என்பார். அவர் பார்ப்பதை நான் பார்க்க முடியாது. நான் பார்ப்பதை அவர் பார்க்க முடியாது. இன்று இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறோம். "கொஞ்சம் பின்னாடி இழு, நுனியை இடது பக்கம் திருப்பு, அதோ, அதுதான்." கிராமப்புறப் பிரசவ அவசரங்களுக்காக எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கே மயக்க மருந்துப் பயிற்சி கொடுத்து அனுப்பும் திட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அப்படிச் சில மாதப் பயிற்சியோடு போகிறவர் கையில் இந்தக் கருவி முதலில் இருக்க வேண்டும். அனுபவசாலிகள் நிறைந்த இடத்துக்கு முதலிலும் இப்படிப் போகிறவர்களுக்குக் கடைசியிலும் அது போய்ச் சேர்வது தலைகீழான நியாயம்.

குழாயே போடாமல் மூச்சுக்கு வழிசெய்யும் லாரிஞ்சியல் மாஸ்க்கும் இப்படித்தான் மலிவானது. 1981-ல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன், பல் மருத்துவத்தில் பயன்பட்ட ஒரு பழைய ரப்பர் மாஸ்க்கை வெட்டி ஒட்டி முதல் மாதிரியைச் செய்தார். குரல்வளையின் வாசலில் போய் உட்காரும் சிறு தலையணை போன்ற அந்த அமைப்பு 1988-ல் விற்பனைக்கு வந்தது. சிலிகான் மாஸ்க் ஒன்றை 40 தடவை ஆட்டோகிளேவ் செய்யலாம் என்றார்கள். எங்கள் ஊர்களில் 40 என்பது எப்போது முடிந்தது என்று யார் எண்ணினார்கள்? கிழியும்வரை அது ஓடியது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு பல நிறுவனங்கள் செய்யத் தொடங்கின, பி.வி.சி.யில் செய்த ஒருமுறைப் பயன்பாட்டு மாஸ்க் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழாய் போடும் முயற்சி தோற்றுப்போனால் திரும்பத் திரும்பக் குத்தித் தொண்டையை வீங்க வைக்காமல் இந்த மாஸ்க்குக்கு மாறு என்பதை அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016-ல் வெளியிட்ட நெறிமுறை தெளிவாகச் சொல்கிறது. என் பயிற்சிக் காலத்தில் அந்த இரண்டாவது கதவே கிடையாது.

அறுவை அரங்குக்கு வெளியே இந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் பாம்புக்கடி நோயாளியிடம் போக வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். விடிவதற்குள் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் நரம்பு முனைகளில் ஏற்கெனவே ஏற்பட்ட பாதிப்பு ஆற நாள் கணக்கில் ஆகும். அதுவரை யாராவது மூச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். அன்று வென்டிலேட்டர் இல்லாத வார்டில், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை உறவினர் கையில் கொடுத்துவிடுவோம். மனைவி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று முறை வைத்து இரவெல்லாம் அழுத்துவார்கள். நர்ஸ் அம்மா வந்து, "தூங்கிடாதீங்கண்ணே, நான் சொல்ற வேகத்துல அமுக்குங்க" என்று பக்கத்தில் நின்று எண்ணிக் காட்டுவார். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு. விடிகாலையில் ஒரு கை ஓய்ந்ததால் இழந்தவர்களும் உண்டு.

1952-ல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது இதையேதான் செய்தார்கள். பிளெக்தாம் மருத்துவமனையில் மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், மூச்சு நின்றுகொண்டிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையால் காற்றைச் செலுத்திக் காப்பாற்றினார். அதன்பின் சுமார் 1,500 மாணவர்கள் முறை வைத்துப் பையை அழுத்தினார்கள். இன்றைய ஐ.சி.யூ. பிறந்தது அந்த வார்டில்தான். அந்தப் பைகளுக்கு அழுத்தத்தோடு வரும் வாயு வேண்டும். அடுத்து லாரி ஓட்டுநர்களின் வேலைநிறுத்தத்தால் டென்மார்க்கில் ஆக்சிஜன் சிலிண்டர் வரத்து சிக்கலானபோது, வாயு இணைப்பே இல்லாமல் தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் பையைப் பற்றி ஹென்னிங் ரூபனும் ஹோல்கர் ஹெஸ்ஸேயும் யோசித்தார்கள். 1956-ல் ஆம்பு பை சந்தைக்கு வந்தது. பணக்கார நாடு ஒன்றின் தட்டுப்பாட்டில் பிறந்த கருவி, இன்று உலகத்தின் ஏழை மருத்துவமனைகளுக்கெல்லாம் முதல் துணை. நம்மூரில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 ஆம்புலன்ஸிலும் பச்சிளங்குழந்தை அளவு முதல் பெரியவர் அளவு வரை அது இருக்கிறது.

இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. ஆம்பு பையைக் கழுவிய பிறகு வால்வைத் தலைகீழாகப் பூட்டிவிட்டால் வெளியேற வேண்டிய காற்று நுரையீரலிலேயே தங்கும். பழைய பையில் விரிசல் விழுந்திருந்தால் அழுத்துகிற காற்று பக்கவாட்டில் போய்விடும். சோதிக்கும் முறை மிக எளிது: காற்று வரும் வாயை உள்ளங்கையால் இறுக மூடிப் பையை அழுத்த வேண்டும், எதிர்த்து நின்றால் நல்ல பை. கை நாடித் துடிப்பைப் பார்ப்பதற்கான நேரம்கூட ஆகாது. ஒவ்வொரு ஷிஃப்டும் இதைச் செய்கிற பிரசவ வார்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பூட்டிய அலமாரிக்குள் பை இருக்க, சாவி வேறொருவர் வீட்டில் இருந்த வார்டையும் பார்த்திருக்கிறேன்.

கருவி மட்டும் போதாது என்பதற்கு இரண்டு நாடுகளின் அனுபவத்தை அருகருகே வைக்கலாம். வங்கதேசத்தின் முகமது ஜொபாயர் சிஸ்தி, டாக்காவில் நிமோனியா குழந்தைகளுக்காக, காலி ஷாம்பூ பாட்டிலில் நீர் நிரப்பி, மூச்சு வெளிவரும் குழாயின் நுனியை அதற்குள் அமிழ்த்தி, அந்த அழுத்தத்தால் நுரையீரல் சுருங்காமல் காக்கும் முறையை உருவாக்கினார். செலவு ஒன்றேகால் டாலர் அளவில். 2015-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், சாதாரண ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 15 சதவீதமும் இந்த முறையில் 4 சதவீதமும் இறந்தனர். உலகமே பாராட்டியது. பிறகு மலாவியில், மாவட்ட மருத்துவமனையொன்றில் அதே தத்துவத்தில் ஆய்வு செய்தபோது சாதாரண ஆக்சிஜனைவிட இந்த முறையில் இறப்பு அதிகமாக இருந்தது. 2019-ல் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். டாக்காவில் மருத்துவர்களும் பயிற்சி பெற்ற செவிலியர்களும் இரவுபகலாகக் குழந்தையின் அருகில் இருந்தார்கள். மலாவியில் அப்படி மருத்துவர்களின் தொடர் கண்காணிப்பு இல்லை.

நம்மிடம் இன்னும் மாறாதவையும் உண்டு. குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை ஐயமின்றிச் சொல்வது, வெளிவரும் மூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப். உணவுக்குழாய்க்குள் போன குழாயை அது சில மூச்சுகளுக்குள் காட்டிக்கொடுத்துவிடும். மாவட்டத் தலைமை மருத்துவமனையைத் தாண்டிக் கீழே போனால் அது இருக்கும் இடங்கள் குறைவு. பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் ஆக்சிஜன் இறங்கிய பிறகுதான் அது சொல்லும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. சின்னக் குழந்தைகளின் அளவுக் குழாய்களும் மாஸ்க்குகளும் எப்போதாவது தேவைப்படுபவை என்பதால் இன்டென்ட் போடும்போது விடுபட்டுப் போகின்றன. தேவைப்படும் அந்த இரவில்தான் இல்லாதது தெரிகிறது. போஜி என்கிற, நுனி வளைந்த அந்த மெல்லிய வழிகாட்டிக் குச்சியின் விலை சில நூறுதான். குரல்நாண் பாதி மட்டும் தெரியும்போது அதைப் போல் கைகொடுப்பது வேறில்லை. எல்லா வழியும் அடைபட்டுக் கழுத்தில் துளையிட வேண்டிவந்தால் ஒரு கத்தி, ஒரு போஜி, ஒரு 6 எண் குழாய் போதும். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டி மேசையில் வைத்திருக்கும் தியேட்டர்கள் மிகச் சில.

ஊர் ஆஸ்பத்திரிக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்க நினைக்கும் நன்கொடையாளர்களுக்கும், சேவைச் சங்கத்தாருக்கும், தொகுதி நிதியை ஒதுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். வென்டிலேட்டருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதற்கு முன், அந்த ஆஸ்பத்திரியின் மயக்க மருத்துவரையும் தியேட்டர் சிஸ்டரையும் கூப்பிட்டு உங்களுக்கு என்ன இல்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது இதுவாக இருக்கும்: ஒரு வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் மூன்று ஆண்டுக்கான அதன் ப்ளேடுகளும், ஒரு கேப்னோகிராஃப், எல்லா அளவிலும் லாரிஞ்சியல் மாஸ்க், பத்துப் போஜி, ஆண்டுக்கு இரண்டு முறை பயிற்சி. ஒரு வென்டிலேட்டரின் விலைக்குள் இவை அடங்கிவிடும். அதையே வாங்கிக் கொடுங்கள்.